இஸ்திரிப் பலகை உறை

கஸ்டர்ட் பொடி டப்பாவில் சேர்ந்தது
நூற்று நாற்பது பவுண்டு.
போக வரப் பேருந்துக்கு நாலரை.
மிச்சம் நூற்று முப்பத்தைந்தரை.
இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான்
கிடர்மின்ஸ்டருக்குக் கிளம்பினேன்.

வியாழக்கிழமைகளில்
‘மூன்று வாத்து’ பப்பின் பின்னறையில்
ஆறு கஜம் தள்ளி ஓர் இரும்புத் தட்டு நிற்கும்.
நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை.
குண்டு அதற்குள் போனால் மணி அடிக்கும்.
போகாவிட்டால் கிளிஃப் கிரிம்லி இருமுவான்.
எட்டு மாதமாக
நான் அதிகம் கேட்டது இருமல்தான்.

குழுவின் துப்பாக்கி வலக்கைக்காரர்களுக்குச் செய்தது.
நான் இடக்கை.
அதன் கன்னமேடு ஒரு பக்கம், என் கன்னம் மறுபக்கம்,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.

கடையில் பிரையனி என்றொரு பெண்.
இருபத்திரண்டு வயதிருக்கும்,
மூக்கில் வளையம், நகங்களில் எண்ணெய்க் கறை.
சுவரில் ஒன்று, நான் நுழைந்ததுமே கண்ணடித்தது:
பளபளக்கும் கட்டை, தொலைநோக்கி, கறுப்பு உறை,
எல்லாம் சேர்த்து நூற்று இருபத்தொன்பது.

“ஒரு மாலைக்கு எத்தனை குண்டு சுடுவீர்கள்?”
முப்பது.
“அப்போது முப்பது தடவை குழலை மடக்குங்கள்.
அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.”

நான் மடக்க மடக்க
அவள் சுருள்வில்லைப் பதமாகத் தளர்த்திக் கொடுத்தாள்.
பன்னிரண்டில் தோள் முணுமுணுத்தது.
பதினெட்டில் கத்தியது.
பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம்
உருளைக்கிழங்கு அண்டா தூக்கிய தோள்,
எதிலும் சொந்தக் கருத்து உண்டு அதற்கு.

சரி, அந்தத் தொலைநோக்கி?
“ஆறு கஜத்தில்
மூடுபனியைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.”

கல்லாவுக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.
யாரோ வைத்திருந்தது. எண்பத்தைந்து.
இரு கைக்கும் பொதுவான பீச் மரக்கட்டை,
அதில் ஆணியால் கீறிய ஒரு ‘D’.
“சிறுவர் அளவு,” என்றாள்,
குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.
“பதினெட்டு ஆகாதவர்களுக்கு விற்க மாட்டோம்.
செய்வதென்னவோ அவர்கள் தோளுக்கு.”

எனக்கு ஐம்பத்தேழு.
கிளிஃப் இருமுவது அங்கேயே கேட்டது.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
யாருக்கும் எளிதாகச் சொல்லிவிடலாம்,
அந்த விரல் நம்முடையதாக இல்லாதவரை.

மடக்கினேன்.
முப்பதில் நிறுத்தியிருக்கலாம்.
முப்பத்தொன்று, வீம்புக்கு.

“குண்டை?”
“நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. குழல்தான் தேர்ந்தெடுக்கும்.
நாலு வகை கொண்டுபோங்கள், எது பிடிக்கிறது என்று அதையே கேளுங்கள்.”
நாலு டப்பா, இருபத்தெட்டு.
கண் வைத்துப் பார்க்கும் பழைய துளைக்குறி ஒன்று, இருபத்திரண்டு.
கையில் ஐம்பது பென்ஸ்.
உறைக்குப் பதினெட்டு பவுண்டாம்.

துப்பாக்கியைத் திறந்து பிடித்துத் தெருவில் நடக்கச் சட்டம் விடாது.
நானும் யோசிக்காமல் வரவில்லை:
கைப்பையில் இருந்தது
இஸ்திரிப் பலகையின் பழைய உறை,
நீலப் பூப்போட்டது, மூலையில் கருகியது.
பிரையனி முதல் தடவையாகச் சிரித்தாள்,
சணல் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டித் தந்தாள்.

பேருந்தில் ஒரு பையன்,
“அது என்ன?”
இஸ்திரிப் பலகை.
“ஏன் இவ்வளவு ஒல்லி?”
எங்கள் வீட்டில் துணி குறைவு.

சமையலறையிலிருந்து குளியலறை வரை
கதவுகளைத் திறந்து வைத்தால் சரியாக ஆறு கஜம்.
அட்டைப்பெட்டி நிறையப் பழைய திரைச்சீலை,
முன்பக்கம் ஓர் ஓட்டை,
ஓட்டைக்குள் நூலில் தொங்கும் சூப் கரண்டி.

முதல் டப்பா, பெட்டி முழுக்க அம்மைத் தழும்பு.
இரண்டாவது, பரவாயில்லை.
விலை கூடிய மூன்றாவதைக் குழல் துப்பியது.
நாலாவது, இருப்பதிலேயே மலிவு,
அதைத்தான் அதற்குப் பிடித்தது.
எங்கே கற்றதோ.

கன்னம் கட்டையில் படிந்தது.
மூச்சு பாதி வெளியே, பாதி உள்ளே.

கரண்டி அடித்தது.
மறுபடி அடித்தது.
தப்பியபோது
இரும வீட்டில் யாரும் இல்லை.
நானே ஒருமுறை இருமிக்கொண்டு
அடுத்த குண்டை எடுத்தேன்.